அப்பாவின் வேகனும் மாமாவின் லாரியும்

கூட்ஸ் வண்டியைக் கண்டால் பெட்டிகளை எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. என் தகப்பனார் எனக்கு வைத்துவிட்டுப் போன ஒரே சொத்து அந்தப் பழக்கம்தான். வீடு, நிலம் என்று அவர் ஒன்றும் வைக்கவில்லை. ஒரு சின்ன ஸ்டேஷனில் கூட்ஸ் கிளார்க்காக இருந்து மூன்று பெண்களைக் கரையேற்றியவர் வேறு எதை வைத்துவிட்டுப் போவார்?

சில வருஷங்களுக்கு முன்பு அமெரிக்காவில் என் பெண் வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். ஒரு நாள் சிகாகோவுக்குத் தென்மேற்கே ஜோலியட் என்ற ஊர்ப்பக்கம் காரில் போய்க்கொண்டிருந்தபோது லெவல் கிராஸிங்கில் வழி மறித்துவிட்டார்கள். கூட்ஸ் வண்டி வந்தது. நம் ஊர் மாதிரி பெட்டியோடு கூடிய வேகன் அல்ல. ஒரு கன்டெய்னரின் தலைமேல் இன்னொரு கன்டெய்னரை ஏற்றி, மாடி வீடுகள் வரிசையாக ஊர்வலம் போவது போல் போய்க்கொண்டே இருந்தது. மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார். என் பெண், "அப்பா எண்ண ஆரம்பிச்சாச்சு" என்று சிரித்தாள்.

எண்ணிக்கை நூறைத் தாண்டிய பிறகுதான் ஒன்று கவனித்தேன். பெட்டிக்குப் பெட்டி ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தது: ஜே. பி. ஹண்ட்.

"யார் இந்த மனுஷர்? ரயில் முதலாளியா?" என்று கேட்டேன்.

"இல்லை மாமா. லாரிக் கம்பெனி" என்றார் மாப்பிள்ளை.

லாரிக் கம்பெனியின் பெட்டிக்கு ரயிலின்மேல் என்ன வேலை? எனக்குச் சுருக்கென்றது. ஏனென்று சொல்ல வேண்டுமானால் என் தாய்மாமனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாசகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் மிளகாய்க்குப் பேர்போனது. தை, மாசியில் கூட்ஸ் ஷெட்டின் பக்கம் போனாலே தும்மல் வரும். சாக்குகளில் மிளகாய் மலைபோல் குவிந்திருக்கும். மேலே கறுப்பு மையில் அடையாளம் போட்டிருக்கும். அப்பா காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு மூட்டை மூட்டையாக எண்ணி, எடை பார்த்து, ரயில்வே ரசீது எழுதிக் கொடுப்பார். வடக்கே எங்கோ இருக்கும் ஒரு வியாபாரி அந்தக் காகிதத்தைக் காட்டினால் சரக்கைக் கொடுத்துவிடுவார்கள். தம்முடைய கையெழுத்துக்குத் தேசம் முழுவதும் செல்வாக்கு இருக்கிறது என்பதில் அப்பாவுக்கு ரகசியமாக ஒரு கர்வம் உண்டு. மாதச் சம்பளம் இருபதாம் தேதிக்குள் தீர்ந்துபோகிறவருக்கு அந்தக் கர்வமாவது இருக்க வேண்டாமா?

மாமா ஊருக்கு வந்து லாரி வாங்கியது 1971-ல். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அப்பாதான் தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். அந்த லாரி தம்முடைய கூட்ஸ் ஷெட் வாசலிலேயே வந்து நிற்கப் போகிறது என்று அவருக்கு அப்போது தெரியாது.

மறு வருஷ மிளகாய் சீஸனில் ஒரு மண்டிக்காரர் வேகனுக்கு எழுதிப் போட்டுவிட்டுப் பதினோரு நாள் காத்திருந்தார். வேகன் வருகிற வழியாக இல்லை. பனியில் மூட்டைகள் நனைகின்றன. பன்னிரண்டாம் நாள் அவர் மாமாவிடம் போனார். அன்று இரவே லாரி ஷெட்டுக்கு வெளியே வந்து நின்றது; விடிவதற்குள் மூட்டைகள் போய்விட்டன. லாரி நேரே வாங்குகிறவரின் கடை வாசலில் போய் நின்றதாம். வண்டிச் சத்தம் இல்லை, கூலி இல்லை. வியாபாரி பேச்சு ஊரில் எவ்வளவு வேகமாகப் பரவும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வருஷத்தில் ஷெட்டில் பாதி இடம் காலி. ஆடுகள் வந்து படுக்க ஆரம்பித்தன.

அப்பா மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார். மாமா பெண்ணின் காதுகுத்துக்கு அம்மாவையும் எங்களையும் அனுப்பிவிட்டு, தமக்கு டியூட்டி என்று வீட்டிலேயே இருந்தார். அன்றைக்கு டியூட்டி இல்லை என்பது எனக்குத் தெரியும். அம்மா பாடுதான் கஷ்டம். தம்பி வீட்டிலிருந்து வரும் முறுக்கை, அவர் கண்ணில் படாமல், அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்பாள். இப்படி ஒன்று இரண்டல்ல, பன்னிரண்டு வருஷம்.

நம் ஊரில் மட்டும் நடந்த கதை என்று எண்ணிவிடக் கூடாது. சுதந்திரம் வந்த புதிதில் தேசத்துச் சரக்கில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் ரயிலில் போயிற்று; இப்போது மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. 1980-களில் ஒற்றை வேகன், இரண்டு வேகன் என்று சில்லறையாகச் சரக்கு ஏற்றுவதையே ரயில்வே கைவிட ஆரம்பித்தது. நிலக்கரி, இரும்புத் தாது, சிமெண்ட், உரம் என்று ஒரு வண்டி முழுக்க ஒரே சரக்காகக் கொடுப்பவர்களுக்குத்தான் இனி மரியாதை. அது கணக்குக்குச் சரிதான். ஒரு வேகனை ஒவ்வொரு ஸ்டேஷனாகப் பொறுக்கிச் சேர்ப்பதும், ஜங்ஷனில் பிரிப்பதும், மறுபடி கோப்பதும் வீண் செலவு. வண்டி ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம் அதிகம். ஆனால் மிளகாய் மண்டிக்காரர் முழு வண்டிக்கு எங்கே போவார்? எங்கள் ஊர் ஷெட்டைப் பூட்டினார்கள். அப்பாவைப் பிரயாணிகளுக்கு டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள்.

மாமா ஜெயித்துவிட்டார் என்றுதான் ஊர் சொல்லிற்று. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

1984-ல் ஒரு மார்கழி விடியற்காலையில் மாமாவின் டிரைவர் கண்ணயர்ந்துவிட்டான். எங்கள் தெருப் பையன். என்னோடு கோலி விளையாடியவன். மூன்று ராத்திரி தொடர்ந்து ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான். லாரி புளியமரத்தில் மோதிற்று. உயிர் பிழைத்தான், ஒரு கால் போயிற்று.

நாலு நாள் கழித்து, இரவு எட்டு மணிக்கு, மாமா எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். உள்ளே வரவில்லை. அப்பா வெளியே போய், தாமும் உட்கார்ந்தார். வெகு நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். கடைசியில் மாமாதான் சொன்னார்:

"அத்தான், ராத்திரி பூரா ஓடுற வேலையை உங்க ரயிலு வச்சுக்கிட்டு, காலையிலே கடை வாசலுக்குக் கொண்டுபோற வேலையை என் லாரிக்குக் கொடுத்திருந்தா, அந்தப் பயலுக்குக் கால் இருந்திருக்கும்லா?"

அப்பா தூணைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஆமா மாப்ளே. அதை யார்கிட்டப் போய்ச் சொல்லுறது? நான் கிளார்க்கு."

அம்மா உள்ளேயிருந்து இரண்டு தட்டில் சோறு கொண்டுவந்து வைத்தாள்.

ஜோலியட் லெவல் கிராஸிங்கில் எனக்கு ஞாபகம் வந்தது இந்தத் திண்ணைதான். வீட்டுக்குத் திரும்பியதும் அந்த ஹண்ட் என்பவரின் கதையை விசாரித்துப் படித்தேன்.

ஜானி பிரயன் ஹண்ட் அர்க்கன்ஸா மாநிலத்தில் ஒரு குத்தகை விவசாயியின் பிள்ளை. 1927-ல் பிறந்தவர். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, மரம் அறுக்கும் ஆலைக்கு வேலைக்குப் போனார். பிறகு லாரி டிரைவர். நெல் விளையும் பக்கமாக ஓட்டிக்கொண்டு போகையில், ஆலைக்காரர்கள் உமியை வீணாகக் கொளுத்துவதைப் பார்த்திருக்கிறார். அதைக் கட்டுக் கட்டாகக் கட்டிக் கோழிப் பண்ணைகளில் தரையில் பரப்ப விற்கலாமே என்று தோன்றியது. 1961-ல் அந்த உமி வியாபாரத்தை ஆரம்பித்தார். உமியில் காசு பார்த்த மனுஷர் 1969-ல் ஐந்து லாரி வாங்கினார். இருபது வருஷத்தில் அந்நாட்டின் பெரிய லாரி முதலாளிகளில் ஒருவராகிவிட்டார். தலையில் எப்போதும் பெரிய கௌபாய்த் தொப்பி.

எதிர்ப் பக்கத்தில் மைக்கேல் ஹேவர்டி. பரம்பரையாக ரயில்வேக் குடும்பம். தாமும் பிரேக்மேனாக வேலைக்குச் சேர்ந்து படிப்படியாக ஏறி, 1989-ல் சான்ட்டா ஃபே ரயில்வேயின் தலைவரானவர். சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை அவர்களுக்கு நல்ல பாதை இருந்தது. மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். பாதை இருந்து என்ன? கடை வாசல் வரைக்கும் போக ரயிலுக்குக் கால் இல்லை. ஹண்டுக்கோ லாரி இருந்தது, டிரைவர் நிலைப்பதில்லை. வாரக்கணக்கில் வீட்டு முகம் பார்க்காத வேலையில் யார் நிலைப்பான்?

ஹேவர்டி அந்த வருஷம் ஹண்டைத் தம் ரயிலில் ஏறிப் பார்க்க அழைத்தார். சரக்கு வண்டியின் வாலில் அதிகாரிகள் போகும் சலூனைக் கோத்து, இருவரும் சிகாகோவிலிருந்து கான்ஸாஸ் சிட்டி வரை போனார்கள். லாரி முதலாளி ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிரியின் வண்டி எப்படி ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டே போயிருக்கிறார். கை குலுக்கிக்கொண்டார்கள், பத்திரம் எழுதியது பிறகுதான். கடை வாசலிலிருந்து யார்டு வரை ஹண்டின் லாரி; நடுவில் முழுத் தூரமும் ரயில்; இறங்கிய ஊரில் மறுபடி ஹண்டின் லாரி. டிரைவர் இரவு தம் வீட்டில் படுத்துக்கொள்வார். என் மாமா திண்ணையில் சொன்னதற்கு ஐந்து வருஷம் பிறகு!

இதை அவர்கள் பெருந்தன்மையால் செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பெருந்தன்மைக்கு அங்கே இடமே இல்லை. 1950-களில் பென்ஸில்வேனியாவில், கனமான லாரிகளை அனுமதிக்கும் சட்டம் வரக்கூடாது என்று ரயில் கம்பெனிகள் விளம்பரக்காரர்களைக் கூலிக்கு அமர்த்தி லாரிகளின்மேல் புழுதி வாரி இறைத்தன. கவர்னர் சட்டத்தை நிறுத்திவிட்டார். 41 லாரிக்காரர்கள் 24 ரயில்வேக்களின்மேல் வழக்குப் போட்டார்கள். 1961-ல் சுப்ரீம் கோர்ட்டில் ரயில்காரர்கள் ஜெயித்தார்கள். அப்படி ஜெயித்தும் சரக்கு லாரிக்கே போய்க்கொண்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. எங்கள் ஊரில் மாமா ஜெயித்த மாதிரிதான் இதுவும்.

அந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தபோதே 1955-ல் ஒரு நல்ல காரியமும் நடந்தது. லாரியின் பின்பெட்டியை ஏற்றிச் செல்லும் தட்டை வேகன்களை ஒவ்வொரு ரயில் கம்பெனியும் தனித்தனியே வாங்கி, பாதி நாள் சும்மா நிறுத்தி வைப்பானேன்? எல்லோருக்கும் பொதுவாக ஒரு கம்பெனி வாங்கி வைக்கட்டும், வேண்டியவர் வேண்டியபோது எடுத்துக்கொள்ளட்டும் என்று பென்ஸில்வேனியா ரயில்வேயும் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயும் சேர்ந்து ஒரு கம்பெனி ஏற்படுத்தின. போட்டிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பங்கு வாங்கினார்கள். அந்தப் பொதுக் கம்பெனி இன்றைக்கும் இருக்கிறது. கல்யாண வீட்டுக்குத் தெருவெல்லாம் சேர்ந்து அண்டா வாங்கி வைத்துக்கொள்வோமே, அதுதான்.

ஹண்டுக்கும் ரயிலுக்கும் பிறகு பிணக்கே வரவில்லை என்று நினைக்க வேண்டாம். பங்குப் பணத்தில் தகராறு வந்து, மத்தியஸ்தர் முன்னால் போய் நின்றார்கள். பிரியவில்லை. சான்ட்டா ஃபே 1995-ல் இன்னொரு ரயில்வேயோடு சேர்ந்து பெயர் மாறியது. ஹண்ட் 2006-ல் காலமானார். ஒப்பந்தம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஹண்டின் லாரிக் கம்பெனிக்கு வரும் வருமானத்தில் ஏறக்குறைய பாதி இந்த ரயில் சரக்கால் வருவதுதான்.

எனக்கு இதில் ஆற்றாமை ஒன்று உண்டு. ஹண்டும் ஹேவர்டியும் முதலாளியும் தலைவரும். கை குலுக்கினால் காரியம் நடக்கும். அப்பாவும் மாமாவும் ஒரே திண்ணையில் ஒரே சோற்றைத் தின்று, ஒரே முடிவுக்கு வந்தார்கள். அவர்கள் கை குலுக்கி என்ன ஆகப் போகிறது? மறுநாள் அப்பா டிக்கெட் ஜன்னலுக்குப் போனார். மாமா இன்னொரு டிரைவர் தேடப் போனார்.

ஊர் திரும்பிய அடுத்த வருஷம் ஒரு காரியமாகப் பம்பாய் போய்விட்டு, கொங்கண் ரயிலில் மங்களூர் மார்க்கமாக வந்தேன். மழைக்காலம். கோவாவுக்கு முன்னால் ஒரு சின்ன ஸ்டேஷனில் எங்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு எதிர் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். வந்தது என்ன தெரியுமா? லாரிகள்! தட்டை வேகன்களின்மேல் வரிசையாக, சரக்கோடு, தார்ப்பாயோடு, நெற்றியில் மல்லிகைச் சரத்தோடு லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மகாராஷ்டிரத்தில் கோலாட் என்ற ஊருக்கும் கோவாவில் வேர்ணாவுக்கும் நடுவே 1999-லேயே இந்த ஏற்பாட்டைத் தொடங்கி, பிறகு சூரத்கல் வரை நீட்டியிருக்கிறார்கள். மலைப்பாதையில் டீசலும் டயரும் தேய்வதற்குப் பதில் லாரி, டிரைவரையும் சேர்த்து, ரயிலில் ஏறிவிடுகிறது. இதைப் பற்றிப் பத்திரிகையில் என்றோ படித்திருக்கிறேன். படித்தது வேறு, பார்த்தது வேறு.

வண்டி மெதுவாக எங்களைக் கடந்தது. ஒரு லாரியின் பக்கவாட்டில் கொடி கட்டி லுங்கி உலர்ந்துகொண்டிருந்தது. இன்னொன்றில் இரண்டு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். நாமக்கல் என்று தமிழில் எழுதியிருந்த ஒரு லாரியில், டிரைவர் ஸீட்டில் நீட்டிப் படுத்து, ஜன்னலுக்கு வெளியே இரண்டு கால்களையும் வைத்துக்கொண்டு ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். மழைத் தூறல் பாதத்தில் படுவது கூட அவருக்குத் தெரியவில்லை.

அப்பா எண்ணும்போது ஆள்காட்டி விரலை அசைத்து எண்ணுவார். நானும் அப்படித்தான் எண்ணினேன். அந்த இரண்டு கால்களைப் பார்த்ததில் கணக்கு விட்டுப்போயிற்று.