மெஷின் ஓடும்போது போட்ட சண்டை

எங்கள் சண்டையெல்லாம் மெஷின் ஓடும்போதுதான். ஓவர்லாக்கும் பேட்லாக்கும் சேர்ந்து இரைந்தால் பக்கத்து டேபிளுக்குக்கூட ஒன்றும் கேட்காது. அந்த இரைச்சலுக்குள் புகுந்துகொண்டு பீஸ் ரேட்டில் ஆரம்பித்து மாமியார்வரை பேசித் தீர்ப்போம். 2012-ல் மின்வெட்டு கடுமையாக இருந்த சமயம், பேச்சின் பாதியில் கரண்ட் போய்விடும். “உங்க தம்பிக்குன்னா மட்டும்...” என்று நான் கத்தியது ஷெட் முழுக்கக் கேட்கும். டெய்லர்கள் தலை நிமிராமல் துணியை நீவிக்கொண்டிருப்பார்கள். டெய்லருக்குத் துணையாகக் கைமடிக்கு வரும் அக்கா மட்டும் களுக்கென்று சிரித்துவிடுவார்.

திருப்பூரில் நானும் என் வீட்டுக்காரரும் ஜாப் ஒர்க் யூனிட் நடத்தினோம். முன்னால் ஷெட், பின்னால் குடித்தனம். வெட்டிய துணி லாட் லாட்டாக வரும். தைத்து, பிசிர் வெட்டி, செக்கிங் முடித்து அனுப்ப வேண்டும். வேலை கொடுக்கும் பார்ட்டியிடம் ரேட் பேசுவது அவர். கணக்கு, செக்கிங், ஆள் பிடிப்பதெல்லாம் நான். யாரோ ஐம்பது காசு குறைத்துக் கேட்டான் என்றால் இவரும் குறைத்துவிட்டு வருவார்.

“மெஷின் சும்மா நிக்கக் கூடாது புள்ள.”

“சும்மா நின்னா ஒரு நட்டம், இந்த ரேட்டுக்கு ஓடுனா ரெண்டு நட்டமுங்க.”

இரண்டு பேரும் சொன்னது சரிதான். வேலையில்லாமல் நாலு நாள் போனால் டெய்லர் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார், திரும்பப் பிடிப்பது லேசில்லை. பணமோ இழுத்தடித்துத்தான் வரும். சிறு தொழில்காரர்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-லிருந்தே சட்டம் இருக்கிறது. அதைப் பார்ட்டியிடம் எடுத்துச் சொன்னால் அடுத்த லாட் வராது. அந்தக் கோபத்தைப் பார்ட்டியிடம் காட்ட முடியாமல் ஒருவர் மேல் ஒருவர் காட்டினோம்.

சனிக்கிழமை சம்பளம். யாருக்கு ஒரு ஷிப்ட், யாருக்கு ஒன்றரை, அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பது என்று கணக்குப் போட்டு, கவரில் பெயர் எழுதி நான்தான் கொடுப்பேன். என் பெயர் எழுதிய கவர் அந்தக் கட்டில் இருந்ததே இல்லை. அவருக்கும் கவர் கிடையாதுதான். ஆனால் பெட்ரோல், பார்ட்டியோடு டீ என்று கையில் காசு புழங்கும். நானோ தலைவலி மாத்திரைக்கு எடுத்ததையும் நோட்டில் எழுதினேன்.

2016 நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை. 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். அந்த வாரச் சம்பளத்துக்குச் சமையலறை டப்பாக்களைக் கவிழ்த்து, மகளின் உண்டியலை உடைத்து, நூறும் ஐம்பதுமாக அடுக்கினோம். ஆளுக்குப் பாதிதான் தேறியது. கல்யாணமானதிலிருந்து நாங்கள் அவ்வளவு ஒட்டுதலாக இருந்த ராத்திரி வேறு இல்லை.

அப்புறம் ஜிஎஸ்டி, அப்புறம் கொரோனா. மெஷின்களை விற்றுக் கடனை அடைத்தோம்.

இப்போது நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். சம்பளம் என் கணக்கில் ஏறுகிறது, ஏடிஎம் கார்டு என் பர்ஸில் இருக்கிறது. அவர் வேறொரு கம்பெனியில் புரொடக்‌ஷன் பார்க்கிறார். “இப்பத்தான் நிம்மதியா இருக்கறீங்க” என்கிறார்கள் சொந்தக்காரர்கள். நிம்மதிதான். “கேஸ் புக் பண்ணிட்டயா?”, “பாப்பா போன் பண்ணுச்சா?” அதோடு பேச்சு முடிந்து டிவி.

ஷெட்டை நினைத்து நான் ஏங்கவில்லை. சித்திரை வெயிலில் அதற்குள் நின்றவர்கள் யாரும் ஏங்க மாட்டார்கள். ஆனால் அந்த ஷெட்டில் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பனியனை டியூப் லைட்டில் தூக்கிப் பிடித்து, தோள்பட்டையில் தையல் விட்டிருப்பதை நான் காட்டுவேன். “அதெல்லாம் பாஸ் ஆகும்” என்பார். இரண்டு கையாலும் இழுத்து, பிரிந்து வரும் நூலை அவர் முகத்துக்கு நேரே நீட்டுவேன். முறைத்துக்கொண்டே மெஷினில் உட்கார்ந்து தானே தைப்பார். நான் டீ போடப் போவேன். இப்போது டிவி முன்னால் இருப்பவர் அந்த மனிதரைவிட சாது. ஆனால் என்னிடம் இவருக்குக் கேட்டுத் தீர வேண்டியது ஒன்றுமில்லை.

போன மாதம் பழைய பார்ட்டி ஒருவர் கூப்பிட்டு, குழந்தைகள் ஐட்டம் இருக்கிறது, நாலு மெஷின் போட்டு ஓட்டுகிறீர்களா என்று கேட்டார். போனைக் கையால் பொத்திக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார்.

“மொதல்ல ரேட் கேளுங்க,” என்றேன். “எனக்கும் ஒரு கவர் சேத்தித்தான் கணக்குப் போடுவேன்.”