எஞ்சியவை பதினைந்தே

முன்னாளில் தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி முதன்மையான பாடமாக விளங்கியது. சட்டாம்பிள்ளை உரக்கச் சொல்ல, ஏனைய மாணவர் ஒரே குரலில் திருப்பிச் சொல்வர். முழு எண்களோடு அரை, கால், அரைக்கால், பதினாறில் ஒரு பங்காகிய மாகாணி முதலியவற்றின் வாய்பாடுகளையும் அவர்கள் மனப்பாடம் செய்தனர். கடைக்கணக்கையும் நிலக்கணக்கையும் மனத்திலேயே போட்டு முடிக்க அப்பயிற்சி உதவியது.

இன்று கைப்பேசியே கணக்கிட்டுத் தருகிறது. ஆயினும் வகுத்தல், பின்னம், இயற்கணிதம் ஆகிய யாவும் பெருக்கலைச் சார்ந்தே நிற்கின்றன. ஏழெட்டு எத்தனை என்று தேடி நிற்கும் பிள்ளை கணக்கின் அடுத்த படியை மறந்துவிடும். 'எனக்குக் கணக்கு வராது' என்னும் எண்ணம் அங்கேதான் முளைக்கிறது.

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றில், நான்காம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு இந்நிலை ஏற்பட்டது. மனப்பாடம் செய்ய வேண்டிய நூறு விடைகளைக் கண்டு அவள் மலைத்தாள். தாய் கடிந்துகொள்ளவில்லை. பத்துக்குப் பத்தாகக் கட்டம் வரைந்து, "தெரிந்தவற்றை முதலில் அடித்துவிடுவோம், கண்ணம்மா" என்றார்.

ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ஆகியவற்றின் வரிசைகள் நீங்கின. ஒன்பதாம் வாய்பாட்டுக்கு எளிய வழி உண்டு. ஏழொன்பது வேண்டுமாயின், எழுபதில் ஏழைக் கழித்தால் அறுபத்து மூன்று. ஆகவே அவ்வரிசையும் நீங்கியது. எஞ்சியவை 25 கட்டங்கள். ஆறேழும் ஏழாறும் ஒன்றே அல்லவா? அவ்வாறு இரட்டையாக வந்தவற்றை நீக்கியபின் 15 மட்டுமே எஞ்சின. மகள் முகத்தில் முதன்முறையாகப் புன்னகை தோன்றியது.

நாளுக்கு இரண்டு என்று பயிற்சி தொடங்கியது. பள்ளியில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் கேட்ட எண்கள், சமையலறையில் தமிழில் ஒலித்தன. "ஆறேழு?" என்பார் தாய். "நாற்பத்திரண்டு" என்பாள் மகள். முன்பு கற்றவற்றையும் தாய் இடையிடையே கேட்டார். ஆறெட்டு மறந்தபோது, மூவெட்டு இருபத்து நான்கை இரட்டித்து நாற்பத்தெட்டு என அவளே கண்டுகொண்டாள்.

ஏழெட்டு மட்டும் நெடுநாள் பிடிபடவில்லை. ஒருநாள் அதனை எழுதிப் பார்த்தவள் துள்ளி எழுந்தாள். "அம்மா, 56 = 7 × 8! ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று வரிசையாகவே வருகிறது!" அதன்பின் அவள் அதனை மறக்கவே இல்லை.

நூறு என்று எண்ணியபோது வாய்பாடு அச்சம் தந்தது. அறிந்தவற்றை நீக்கி எண்ணியபோது, அது சில நாள் முயற்சியில் முடியும் செயலாயிற்று. கற்க வேண்டியது எவ்வளவு என்று தெளிவதே கற்றலின் முதற்படி.