கேம்பர்லியில் ஒரு மார்கழி

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் மார்கழிக் குளிர் என்றால் விடிகாலையில் ஒரு சால்வை, ஒரு டம்ளர் சுக்குக் காபி, அவ்வளவுதான். பத்து மணி வெயிலில் அதுவும் ஓடிப்போகும். 2022 டிசம்பரில் மகளின் பிரசவத்துக்காக இங்கிலாந்தில் உள்ள கேம்பர்லிக்குப் போனபோதுதான் குளிர் என்றால் என்னவென்று தெரிந்தது.

கேம்பர்லி என்றதும் தேனிப் பக்கத்துச் சகோதரிகளுக்குப் புரிந்திருக்கும். 1895-ல் முல்லைப்பெரியாறு அணையை முடித்து, மேற்கே ஓடிய தண்ணீரை நம் வயல்களுக்குத் திருப்பிய பென்னிகுயிக் கடைசிக் காலத்தில் வாழ்ந்த ஊர். பக்கத்து ஃப்ரிம்லியில், புனித பீட்டர் தேவாலயத்தில் அவர் கல்லறை. லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் கும்பிட்ட நான் அங்கேயும் ஒரு பூ வைத்தேன்.

அங்கே வீட்டைச் சூடாக வைப்பது சமையலறைச் சுவரில் மாட்டிய காஸ் பாய்லர். வெளியே போகும் புகையில் உள்ள நீராவியைக் குளிரவைத்து, அந்தச் சூட்டையும் விடாமல் பிடித்துக்கொள்கிறது. சிக்கனக்காரப் பாய்லர்தான்! அப்போது சேரும் தண்ணீர் ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே சொட்டும். ஒரு விடியற்காலை அந்தக் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து அடைத்துக்கொள்ள, பாய்லர் ‘களக் களக்’ என்று சத்தம் போட்டு நின்றேவிட்டது. வீட்டிலோ பதினோரு நாள் குழந்தை.

மகள் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாள். நான் கெட்டிலைப் போட்டேன். "கொதிக்கிற தண்ணி வேண்டாம் அத்தை, குழாய் விரிஞ்சிரும். கை பொறுக்குற சூடு போதும்," என்றார் மாப்பிள்ளை. வெளிக்குழாயின் வளைவில்தான் பெரும்பாலும் உறையுமாம். அங்கே வெந்நீர்ப் பையைக் கட்டி, ஜக்கால் வெதுவெதுப்பான தண்ணீரை மேலாக ஊற்றிக்கொண்டே இருந்தோம். (அந்தப் பையைச் சிசுவின் படுக்கையில் வைக்கவே கூடாது. தோல் வெந்துவிடும்.) நாலாவது ஜக்கில் உள்ளே ஐஸ் கரைந்து, குழாய் முனையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தது. பாய்லரின் ‘ரீசெட்’ பொத்தானை அமுக்கியதும் பற்றிக்கொண்டது. அப்படியும் பற்றாவிட்டால் மூடியைக் கழற்றிப் பார்க்கக் கூடாது. காஸ் வேலைக்குப் பதிவு பெற்றவரைத்தான் கூப்பிட வேண்டும்.

மறுநாள் ஆள் வந்து, ஒல்லிக் குழாயை எடுத்துவிட்டு அகலமான குழாய் போட்டு, மேலே கம்பளிச் சட்டை மாதிரி நுரை உறையும் மாட்டினார். பிள்ளைகள் குளிர்தேசத்தில் இருக்கிறார்களா? ஐப்பசியிலேயே இதைச் செய்துவிடச் சொல்லுங்கள். ஊற்றின தண்ணீர் நடைபாதையில் கண்ணாடி மாதிரி உறைந்து வழுக்கும். கையோடு ஒரு பிடி கல்லுப்பைத் தூவிவிடச் சொல்லுங்கள்.