நூலகத்தில் மட்டை வெட்டும் பிள்ளைகள்

சென்ற மாதம் எமது அயல்வீட்டுத் தம்பி ஒருவர் மிகுந்த மனக்குறையோடு எம்மிடம் வந்தார். ஸ்காபரோவில் நான்காம் வகுப்பிற் படிக்கும் அவருடைய மகன் நூலக நேரத்தில் வாசிப்பதே இல்லையாம். "மட்டை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறானாம் ரீச்சர். உதுக்கோ நாங்கள் ரெண்டு வேலை செய்யிறம்?" என்றார். இரவு வேலை முடித்து வந்த கண்கள் சிவந்திருந்தன. பாடசாலையிற் பேசுவதற்குத் துணையாக வருமாறு கேட்டார், சென்றோம். உண்மையைச் சொல்வதானால் நாமும் அவர் பக்கமே நின்றோம்.

நூலகத்தின் நடுவே ஒரு நீண்ட மேசை. அதன் மேல் கத்தரிக்கோல், பசை, பழைய மட்டைப் பெட்டிகள், ஐஸ்பழக் குச்சிகள், மின்கலங்கள், சிறு விளக்குகள். ஒரே சந்தை இரைச்சல். தம்பியின் மகன் குச்சிகளாற் பாலம் கட்டிக்கொண்டிருந்தான். சதுரம் சதுரமாக ஒட்டியிருந்த அப்பாலத்தின் மேல் நான்கு புத்தகங்களை வைத்தான். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. நூலக ஆசிரியை விடை கூறவில்லை. பாலங்கள் பற்றிய நூல்கள் உள்ள தட்டை மட்டும் காட்டினார். பிள்ளை நிலத்தில் இருந்து படங்களை விரலாற் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். பின்னர் ஒவ்வொரு சதுரத்திற்கும் குறுக்கே ஒரு குச்சியை வைத்து ஒட்டினான். சதுரத்தின் மூலைகள் நெகிழ்ந்து கொடுக்கும். முக்கோணமோ அதன் பக்கங்கள் முறியும்வரை வடிவம் மாறாது. கேத்திரகணிதப் பாடத்தில் நாமும் முக்கோணங்களை மனனஞ் செய்தவர்களே, எதற்கென்று அறிந்திருக்கவில்லை. பாலம் இம்முறை நின்றது. அந்நூலை அவன் வீட்டுக்கும் இரவல் பெற்றுக்கொண்டான். தகப்பனார் ஒன்றும் பேசவில்லை.

எமது நெஞ்சை உறுத்தியது வேறொன்று. 1990களின் முற்பகுதியில் வலிகாமத்துப் பாடசாலை ஒன்றில் நாம் தமிழ் கற்பித்தோம். நூலகப் பொறுப்பும் எம்முடையதே. நூலகம் என்பது இரண்டு அலுமாரிகள். அவற்றின் திறப்பு எப்பொழுதும் எமது கைப்பையில் இருக்கும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததைச் சிறுவயதிற் கண்ட தலைமுறை நாம். எஞ்சியவற்றைக் காப்பதே கடமை என்று எண்ணினோம். "கை கழுவினாயா?" என்று கேட்காமல் எந்தப் பிள்ளைக்கும் ஒரு புத்தகம் கொடுத்ததில்லை. சிறுவன் ஒருவன் மின்மோட்டார் செய்யும் படமுள்ள நூலை மூன்று முறை கேட்டான். கம்பி சுற்றிப் பார்க்கிறேன் என்று பக்கங்களைக் கிழித்துவிடுவான் என்று அஞ்சி மறுத்துவிட்டோம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு நாவற்குழிப் பாலத்தை மழையில் நடந்து கடந்தபோதும் அத்திறப்பு எம்மிடமே இருந்தது. மறுவருடம் திரும்பிச் சென்றபோது அலுமாரிகள் உடைந்து கிடந்தன. உள்ளே கறையான் புற்று. கறையான் அரித்த நூல்களுட் பல, ஒரு பிள்ளையின் கையும் படாதவை.

சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதனை எமது வாசகர்கள் பலர் அறிவர். கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931இல் வெளியான நூலில் அவர் வகுத்த ஐந்து விதிகளுள் முதலாவது, நூல்கள் பயன்பாட்டிற்கே என்பது. பயிற்சிக்காக இலண்டன் சென்றிருந்தபோது கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டாராம். ஒரே துண்டுகளை வெவ்வேறாகப் பூட்டி வெவ்வேறு பொருள்கள் ஆக்கும் அவ்வித்தையிலிருந்தே, 1933இல் வெளியிட்ட தமது கோலன் பகுப்புமுறைக்கான எண்ணம் பிறந்தது. நாமோ அவருடைய விதியைப் பரீட்சைக்குப் படித்துவிட்டு அலுமாரியைப் பூட்டினோம்.

பொது நூலகங்களிலும் இவ்வசதி உண்டு. ரொறன்ரோ உசாத்துணை நூலகத்தில் 2014இல் முப்பரிமாண அச்சுப்பொறிகளுடன் ஒரு கூடம் திறக்கப்பட்டது. ஆயினும் எமக்குப் பிடித்தது அந்த மட்டை மேசையே.

புறப்படும்போது, உங்கள் நாட்டில் முற்காலத்தில் நூல்களை எப்படிச் செய்தார்கள் என்று நூலக ஆசிரியை வினவினார். பனையோலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியாற் கீறி, கரி பூசித் துடைக்கும் முறையைச் சொன்னோம். பிள்ளைகளுக்குச் செய்து காட்டுமாறு கேட்டார். பனைக்கு இங்கே எங்கு போவது? கடந்த செவ்வாய்க்கிழமை சீரியல் பெட்டி மட்டையை நீள நீளமாக வெட்டி ஏடு கட்ட முயன்றோம். துளைகள் நேர்படவில்லை; நூல் உள்ளே போகவில்லை. பன்னிரண்டு பிள்ளைகளும் எம்மைப் பார்த்துச் சிரித்தனர். எல்லா மட்டைகளையும் ஒன்றாக அடுக்கிப் பிடித்து ஒரே முறையிற் துளைக்கலாம் என்று தம்பியின் மகன் கூறினான். அது சரியாக வந்தது.

வரும் செவ்வாய்க்கும் அழைத்திருக்கிறார்கள். மட்டையைத் தாமே வெட்டித் தருவதாகத் தம்பி சொல்லியிருக்கிறார்.