கடனும் கொய்யாச் சந்தையும்

மாற்றுத்திறனாளிகளுக்கான தமிழ்நாடு உரிமைகள் திட்டத்துக்கு உலக வங்கி 2022இல் ஒப்புதல் தந்தது. கடன்தாங்க, தானமில்லை. அதன் 'விழுதுகள்' மையங்களில் பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி எல்லாம் தருகிறார்கள். நல்ல வேலை, மறுக்கவில்லை.

ஆனால் 2006இல் நிறைவேறிய, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 32ஆவது பிரிவு தனித் திட்டத்தோடு நிற்கச் சொல்லவில்லை. பன்னாட்டு உதவியோடு நடக்கும் வளர்ச்சித் திட்டங்களே மாற்றுத்திறனாளிகளை உள்ளடக்க வேண்டும் என்கிறது. அப்படியென்றால் ரோடு, குடிநீர், பஸ் எல்லாமும்தானே? இந்த உடன்படிக்கையை இந்தியா 2007இலேயே ஏற்றுக்கொண்டது.

கொய்யா சீசனில் எங்கள் ஆயக்குடிச் சந்தைக்கு வாருங்கள். கூடைகளுக்கு நடுவே நடக்கிறவருக்கே வழி கிடைக்காது; சக்கர நாற்காலி எங்கே நுழையும்? யார் பணத்தில் கட்டினாலும் சரி, அடுத்த டெண்டரில் சாய்தளத்தின் சரிவு 1:12 என்று எழுதிவிடுங்கள்.