வாசலில் சிமென்ட் வேண்டாம்

சேலையூர்,
ஆனி மாதம்.

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தணிந்திருக்கிறது. சாயங்காலத்தில் கேட் வரை நடந்துபோய் நாற்காலி போட்டு உட்காருகிறாள். மஸ்கட்டில் வெயில் எப்படி? பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டாயிற்றா?

கீழ் வீட்டுக்குக் குடிவருகிறவர்களுக்கு இரண்டு கார் இருக்கிறது, அதனால் கேட்டிலிருந்து படி வரை சிமென்ட் போட்டுவிடலாம் என்று போனில் சொன்னாய். வாசல் மரம் இடைஞ்சல் என்றால் ஆள் வைத்து எடுத்துவிடலாம், இல்லையென்றால் மழைக்கு முன்னால் மொட்டையடித்துவிடலாம் என்றும் சொன்னாய். அப்போது எனக்குக் கோர்வையாகப் பதில் சொல்ல வரவில்லை. வீடு நம் இரண்டு பேருக்கும் பொது. உன் சம்மதம் இல்லாமல் நான் எதையும் செய்ய மாட்டேன். அதனால் நான் நினைப்பதை முழுக்க எழுதிவிடுகிறேன்.

அந்தத் தூங்குமூஞ்சி மரம் மதிலுக்கு வெளியே, தெருவில் நிற்கிறது. அதை நாமாக வெட்ட முடியாது. அரசு நிலத்து மரத்துக்குப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். ஆனால் சட்டத்தைக் காட்டி உன்னை நிறுத்த எனக்கு விருப்பமில்லை. பின்கட்டு வேம்பை நாளைக்கே வெட்டினாலும் யாரும் பெரிதாகக் கேட்கப்போவதில்லை என்று எனக்கும் தெரியும். டெல்லியில் 1994-லேயே மரப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. நம் மாநிலத்தின் 1955-ஆம் ஆண்டுச் சட்டமோ மலைப்பகுதி மரங்களுக்கு மட்டும்தான். இங்கே வீட்டு மரத்துக்குக் காவல் வீட்டுக்காரர்தான்.

நான் சொல்ல வந்தது வேரைப் பற்றி. அவ்வளவு பெரிய மரமென்றால் ஆணிவேர் பாதாளம் வரை இறங்கியிருக்கும், மேலே நாம் எதைப் போட்டு மூடினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சுகிற சல்லிவேர்களில் பெரும்பகுதி இரண்டடி ஆழத்துக்குள்ளேயே இருக்கிறது. பக்கவாட்டில் அவை கிளை விரிந்திருக்கும் எல்லையையும் தாண்டி ஓடும். ஆகவே மரம் தெருவில் நின்றாலும் அதன் வேரில் பாதி நம் வாசலுக்கு அடியில்தான் கிடக்கிறது. வேருக்குத் தண்ணீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். மண்ணை இறுக்கி மேலே சிமென்ட் போட்டால் இரண்டும் நின்றுபோகும். மரம் உடனே சாகாது, அதுதான் இதில் கொடுமை. சில வருடம் கழித்து உச்சிக் கிளைகள் ஒவ்வொன்றாகக் காயும். அப்போது யாருக்கும் சிமென்ட் ஞாபகத்தில் இருக்காது. மரத்துக்கு வயதாகிவிட்டது என்பார்கள். டெல்லியில் நடைபாதை மரங்கள் இப்படித் திணறியதால்தான், அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் காங்கிரீட்டை எடுக்கச் சொல்லி 2013-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. நம் மரத்தின் அளவுக்கு ஒரு மீட்டர் போதவே போதாது.

உன் பயமும் எனக்குப் புரிகிறது. வர்தா புயல் அடித்த 2016 டிசம்பர் 12 அன்று நீ ஊரில் இல்லை. பொழுது சாய்வதற்குள் நம் தெரு மயிற்கொன்றைகள் அத்தனையும் விழுந்துவிட்டன. அது மடகாஸ்கரிலிருந்து வந்த மரம், வலுவில்லாதது, வேர் மேலோடு ஓடும் என்றெல்லாம் பிறகு பேசிக்கொண்டார்கள். அதெல்லாம் சரிதான். ஆனால் தூங்குமூஞ்சியும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான். சென்னையில் அந்தப் புயலுக்கு எத்தனையோ தூங்குமூஞ்சிகளும் விழுந்தன. நான் மறுநாள் விழுந்த மரங்களின் அடியைப் போய்ப் பார்த்தேன். பலவற்றில் ஒரு பக்கத்து வேர் கத்தியால் நறுக்கியது போல நேர்கோடாக நின்றிருந்தது. எப்போதோ கேபிளுக்கோ கால்வாய்க்கோ பள்ளம் தோண்டியபோது அறுத்த வேர்கள். நம் வாசல் மரம் இரண்டு பெரிய கிளைகளை இழந்தது, ஆனால் அசையவில்லை. நம் பக்கத்து மண்ணை அப்பா கடைசி வரை தோண்டாமலும் மூடாமலும் விட்டுவைத்ததுதான் அதற்குக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மரம் வீட்டின் மேல் விழுந்துவிடுமோ என்றுதானே கவலைப்படுகிறாய்? அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் வேரையே நாம் பட்டினி போட்டால் பிறகு எது அதை நிறுத்திவைக்கும்?

இந்தக் கோடையில் தெருவில் தண்ணீர்க் குழாய் மாற்றினார்கள். ஜேசிபி அடுத்த வீட்டு வாசல் வரை வந்துவிட்டது. நான் போய் நின்றேன். கூட வந்த மேஸ்திரி நல்ல மனிதர். வண்டியை நிறுத்திவிட்டு, தொடை கனத்துக்கு இருந்த இரண்டு வேர்களுக்கு அடியில் கடப்பாரையால் குடைந்து குழாயை நுழைக்கச் சொன்னார். அரை நாள் வேலை கூடியது. அவர்களுக்கு மோரும் சாப்பாடும் கொடுத்தேன். யாராவது ஒருவர் பக்கத்தில் நின்று கேட்டால் போதும், வேர் பிழைத்துவிடுகிறது.

ரோடு போடும்போதெல்லாம் தெரு உயர்ந்துகொண்டே போகிறது, உனக்குத் தெரியும். அடிமரம் அகன்று வேராகப் பிரியும் இடம் எப்போதும் வெளியே தெரிய வேண்டும். அங்கே மண்ணும் ஜல்லியும் ஏறினால் பட்டை ஈரத்தில் ஊறி அழுகும். நம் மரத்தில் அது புதைந்திருந்தது. கையால் மெதுவாகத் தோண்டி எடுத்துவிட்டேன்.

இனி மொட்டையடிப்பது. தம்பி, இதைச் செய்யவே கூடாது. உச்சியை வெட்டிய இடத்தில் அடுத்த மழைக்குள் கொத்துக்கொத்தாகத் துளிர் வரும். பார்க்கச் செழிப்பாக இருக்கும். ஆனால் அந்தப் புதுக்கிளைகள் பழைய மரத்துக்குள் ஆழமாகப் பற்றி வளர்ந்தவை அல்ல. பட்டைக்குச் சற்று உள்ளேயிருந்து கிளம்பியவை. கனம் ஏறியதும் பிய்த்துக்கொண்டு வரும். வெட்டுவாய் வழியே உளுப்பும் உள்ளே இறங்கும். அமெரிக்க வனத்துறையில் அலெக்ஸ் ஷைகோ என்று ஓர் ஆய்வாளர் இருந்தார். ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து அவர் கண்டது இது: நம் உடம்பைப் போல மரத்துக்குப் புண் ஆறுவதில்லை. கெட்டுப்போன பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி உள்ளேயே அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புது மரம் வளர்த்துக்கொள்கிறது. வெட்டு சிறிதாகவும் சரியான இடத்திலும் இருந்தால்தான் அந்தச் சுவர் முழுமையாக அமையும். கிளை தண்டோடு சேரும் இடத்தில் சற்றே புடைத்த வளையம் இருக்கும் பார், அதற்கு வெளியே வெட்ட வேண்டும். தண்டோடு ஒட்டச் செதுக்கவும் கூடாது, முழநீளக் கட்டையை விட்டுவைக்கவும் கூடாது. பெரிய கிளையென்றால் முதலில் அடியில் ஒரு கீறல், பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து வெட்டு, கடைசியில்தான் வளையத்தோரம். இல்லையென்றால் கிளை சாயும்போது பட்டையை அடிமரம் வரை உரித்துக்கொண்டு போகும். வெட்டிய இடத்தில் தாரும் பெயின்டும் பூசுவதால் உளுப்பு நிற்பதில்லை.

கம்பிக்காகக் கிளை கழிக்க வருகிறவர்கள் வருடா வருடம் ஒரே பக்கத்தை வெட்டி, மரத்தின் பாரம் முழுவதையும் நம் வீட்டுப் பக்கம் தள்ளியிருக்கிறார்கள். அதைச் சரி செய்ய வேண்டியது உண்மை. கயிறு கட்டி ஏறுகிற, விவரம் தெரிந்த ஒருவரைப் பார்த்து வைத்திருக்கிறேன். காய்ந்த கிளைகளை எடுத்து, நம் மாடியை நோக்கி நீண்டிருக்கும் இரண்டு கிளைகளைக் குறைத்து, மொத்தத் தழையில் கால் பங்குக்கு மேல் தொடாமல் முடித்துவிடலாம் என்கிறார். மொட்டையடிப்பதைவிடக் கூலி அதிகம்தான். மழைக்கு முன், ஆவணிக்குள் செய்தாக வேண்டும்.

ஆபத்தென்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு இருப்பேன் என்று நினைக்காதே. மழைக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அடிமரத்தைச் சுற்றிப் பார்க்கிறேன். வேரோரத்தில் தட்டுத்தட்டாகக் காளான் முளைத்திருக்கிறதா, ஒரு பக்கம் மண் வெடித்துத் தூக்கியிருக்கிறதா, இதுவரை இல்லாத சாய்வு தெரிகிறதா என்று. இதில் ஒன்று தெரிந்தாலும் அனுமதிக்கு மனு எழுதும் முதல் ஆள் நான்தான். இப்போதைக்கு எதுவும் இல்லை. கவட்டில் ஒரு பொந்து இருக்கிறது, கிளி குடியிருக்கிறது. பொந்து இருப்பதாலேயே மரம் பலவீனம் என்று ஆகிவிடாது; வெளிச்சுற்று கனமாக இருக்கும்வரை அது தாங்கும்.

பின்கட்டு வேம்பைப் பற்றியும் கேட்டாய். மழைக்காலத்தில் நுனியெல்லாம் கருகி, நெருப்பு வைத்தது போல இருந்தது. தெருவில் எல்லோரும் பட்டுப்போய்விட்டது, வெட்டுங்கள் என்றார்கள். தேயிலைக் கொசு என்கிற பூச்சி சாறு உறிஞ்சுவதாலும் நுனிக்கருகல் பூஞ்சையாலும் வருவது அது. இங்கே பல ஊர் வேம்புகளுக்கும் வந்தது. பங்குனியில் நம் வேம்பு முழுக்கத் துளிர்த்துப் பூத்தும்விட்டது. அதன் அடியில் சருகை எரிக்க நான் யாரையும் விடுவதில்லை. கூட்டி அங்கேயே மூடாக்காகப் பரப்பிவிடுகிறேன்.

காருக்கு என்ன வழி என்று கேட்பாய். சக்கரம் ஓடும் இடத்தில் மட்டும் இரண்டு வரிசை கருங்கல் பாவலாம், சிமென்ட் பூசாமல், அடியில் மணல் மட்டும் பரப்பி. நடுவிலும் ஓரத்திலும் மண் அப்படியே இருக்கட்டும். ஒரு கார் உள்ளே நிற்கும். இரண்டாவதைத் தெருவில் விடட்டும். அதற்குச் சம்மதிக்காதவர்கள் என்றால் வேறு குடித்தனம் பார்ப்போம். வாடகையில் குறைவது என் பங்கிலிருந்து போகட்டும்.

கொத்தனார் ஞாயிற்றுக்கிழமை கல்லுக்கு அளவெடுக்க வருகிறார். அதற்குள் உன் முடிவைச் சொல்லிவிடு. கிளை கழிக்கும் கூலியில் பாதியை நீ அனுப்பினால் போதும். கல்லின் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பிள்ளைகளுக்கு என் அன்பு.

அன்புடன்,
அக்கா