கடைசிச் சுற்றில் வந்தவர்கள்

தில்லியில் கல்லூரிகள் புது மாணவர்களை வரவேற்கும் நாள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. குத்துவிளக்கு, சரஸ்வதி வந்தனம், முதல்வர் உரை, ராகிங் கூடாது என்ற எச்சரிக்கை, நாடகக் குழுவின் ஐந்து நிமிட அமர்க்களம், கடைசியில் ஒரு சமோசா. ‘ஓரியன்டேஷன்’ என்று பெயர். கிழக்கைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த வார்த்தை இது. கிழக்கு எதுவென்று காட்டிவிட்டால் மற்ற திசைகளை மாணவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை. 2019ல் பல்கலைக்கழக மானியக் குழு இதற்கு ‘தீக்ஷாரம்ப்’ என்று சமஸ்கிருதப் பெயர் சூட்டி, வழிகாட்டிக் கையேடும் வெளியிட்டது.

இந்தச் சடங்குக்குள் நான் நுழைந்தது மொழிபெயர்ப்பாளராக. தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தும் என் தோழிக்குப் புது மாணவர் அறிமுகத்தையும் பாட ஆலோசனையையும் ஒருங்கிணைக்கும் வேலை வந்து சேர்ந்தது 2022ல். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு தொடங்கிய வருஷம். அதே வருஷம்தான் தில்லியில் நான்கு ஆண்டுப் பட்டப் படிப்பும் வந்தது. நுழைவுத் தேர்வைத் தமிழ் உள்பட 13 மொழிகளில் எழுதலாம். ஆனால் வாசலைத் தாண்டியதும் விண்ணப்பம், சுற்றறிக்கை, அறிவிப்புப் பலகை எல்லாமே ஆங்கிலம், இந்தி. “உங்க ஊர்ப் பெற்றோர்கள் என் முகத்தையே பார்த்துக்கிட்டு நிக்கறாங்க. கையேட்டைத் தமிழில் போட்டுக் கொடு” என்றாள் தோழி.

பதினாறு பக்கம்தானே என்று உட்கார்ந்தேன். நாவல்கள் என்னை இவ்வளவு படுத்தியதில்லை. ஒரு பருவத்துக்கு 22 கிரெடிட். முதன்மைப் பாடத்தில் மூன்று தாள், வேறு துறையிலிருந்து விருப்பத் தாள் ஒன்று, இந்திய மொழி அல்லது சுற்றுச்சூழல் கல்வி, அதற்கு மேல் திறன் வளர்ப்புக்கு ஒன்று, விழுமியக் கல்விக்கு ஒன்று. ஆக ஏழு. பிளஸ் டூவில் பள்ளி கொடுத்ததைப் படித்துவிட்டு வந்த பதினேழு வயதுப் பிள்ளை, இவற்றில் நான்கைத் தானே பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். அதுவும் ஆன்லைனில், குறிப்பிட்ட தேதிக்குள்.

‘கிரெடிட்’டுக்கு நான் ‘தகுதிப் புள்ளி’ என்று எழுதினேன். அந்தப் புள்ளிகளைச் சேமித்துவைக்க 2021ல் தொடங்கிய மின்னணு ஏற்பாட்டுக்கு அரசு வைத்த பெயரில் ‘பேங்க்’ வேறு இருக்கிறது. உதவி மேஜையில் என் எதிரே அமர்ந்த ஒரு தகப்பனார், ஈரோட்டுப் பக்கம் விசைத்தறியில் வேலை செய்பவர், கவலையோடு கேட்டார்: “ஏம்மா, கிரெடிட்டுன்னா கடன்தானுங்களே? ஏற்கெனவே ஊர் பேங்க்ல வாங்கித்தான் பொண்ணைக் கூட்டிட்டு வந்திருக்கறேன். இங்கயும் ஒண்ணு வாங்கோணுமா?” சிரிப்பு வரவில்லை. ஓராண்டு முடித்தால் சான்றிதழ், இரண்டாண்டு முடித்தால் டிப்ளமோவோடு வெளியேறலாம் என்ற வரியைப் படித்துவிட்டு இன்னொரு அம்மா, “அப்ப ஒரு வருஷத்துல அனுப்பிருவாங்களா?” என்றார். சலுகை என்று அரசு எழுதியது அவருக்கு மிரட்டலாகக் கேட்டது.

மூன்று வருஷம் அந்த மேஜையில் உட்கார்ந்ததில் எனக்குப் புலப்பட்டது ஒன்று. வழிகாட்டல் யாருக்கு மிக அவசியமோ, அவர்கள் அந்த நாளில் அரங்கத்தில் இருப்பதே இல்லை. முதல் பட்டியலில் இடம் கிடைத்து, விளக்கேற்றும்போது முன்வரிசையில் அமர்பவர்களுக்கு அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே எல்லாம் சொல்லியிருப்பார்கள். இரண்டாம், மூன்றாம் சுற்று, பிறகு மிச்ச இடங்களுக்கான சுற்று என்று சேர்க்கை நீளும். அதில் வருபவர்கள் ரயில் டிக்கெட் கிடைக்காமல், பணம் புரட்டி, தாமதமாக வந்து சேருகிறவர்கள். சமோசா தீர்ந்து, மேஜையும் எடுக்கப்பட்டிருக்கும். நல்ல விருப்பத் தாள்களும் நிரம்பியிருக்கும்.

ராமநாதபுரம் மாவட்டத்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, வரலாறு எடுத்துப் படிக்க வந்த ஒரு பையன் அப்படித்தான் வந்தான். மிச்சம் இருந்த விருப்பத் தாளில் பாதி கணக்கு. பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டவன் அவன். மாற்றும் தேதி முடிந்துவிட்டது என்றது அலுவலகம். தோழி இரண்டு நாள் அலுவலகத்துக்கும் துறைக்குமாக நடந்து, மாற்றிக் கொடுத்தாள். அவன் இப்போது முதுகலை நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான்.

ஈரோட்டுப் பெண் போய்விட்டாள். நான்காவது வாரம். வகுப்பில் ஆசிரியர் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிப் பேசியது புரியவில்லை; தேர்வு எழுத வருகைப் பதிவு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்ற விதி பயமுறுத்தியது. விடுதி கிடைக்காமல் தங்கியிருந்த அறையில் அழுதிருக்கிறாள். யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளுமோ என்று நடுங்கிக்கொண்டு வந்தார் அப்பா. அப்படிப் பிடித்து வைக்கக் கூடாது என்று மானியக் குழு 2018லேயே அறிவித்துவிட்டது என்று நான் சொன்னேன். அவருக்கு நாங்கள் கொடுத்த கடைசித் தகவல் அதுதான். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மகளை அழைத்துக்கொண்டு போனார். முதல் வாரத்தில் பேசியிருக்க வேண்டியதை யாரும் அவளிடம் பேசவில்லை.

அடுத்த வருஷம் தோழி சில மாற்றங்கள் செய்தாள். ஒவ்வொரு சேர்க்கைச் சுற்றுக்குப் பிறகும் விளக்கும் உரையும் இல்லாமல் ஒரு மணி நேர அறிமுகம். ஆசிரியர் ஒருவருக்கு இருபது மாணவர்கள். அவர்களில் யாராவது மூன்று நாள் தொடர்ந்து வராவிட்டால் அவரே போன் செய்ய வேண்டும். ஒவ்வொரு மொழிக்கும் இரண்டு சீனியர் மாணவர்கள். உதவி மேஜை முதல் தேர்வு வரை அதே இடத்தில். கூடுதல் செலவு, எனக்குத் தெரிந்து, தேநீர் மட்டும். எதிர்ப்புதான் அதிகம். “இதெல்லாம் என் பணி நேரத்தில் சேருமா?” என்று கேட்ட சக ஆசிரியர்களைக் குறை சொல்வதிலும் நியாயமில்லை. அவர்களில் பலர் தற்காலிகப் பணியிலேயே வருஷங்களைக் கழித்தவர்கள்.

பொறியியல் கல்லூரிகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ. வகுத்த அறிமுகத் திட்டம் மூன்று வாரம். மானியக் குழுவின் கையேட்டிலும் நல்ல யோசனைகளுக்குக் குறைவில்லை. 2021-22க்கான அகில இந்திய ஆய்வின்படி உயர் கல்வியில் இருப்பவர்கள் 4.33 கோடி. இவர்களில் எத்தனையோ பேர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். சேர்த்தவர்களின் எண்ணிக்கையைக் கல்லூரிகள் பெருமையோடு வெளியிடுகின்றன. முதல் பருவம் முடிவதற்குள் எத்தனை பேர் பெட்டியைக் கட்டினார்கள், ஏன் என்பதையும் அதே பக்கத்தில் அச்சிடச் சொன்னால், அந்த மேஜை எத்தனை நாள் அங்கே இருக்க வேண்டும் என்று யாரும் விவாதிக்கத் தேவையிருக்காது.